விண்டோஸை அழிக்காமல் அதே கணினியில் லினக்ஸ்: எதற்கு முன் எதைச் செய்வது

விண்டோஸ் ஓடும் லேப்டாப்போ மேசைக் கணினியோ உங்களிடம் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸையும் போட வேண்டும். கணினியை ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று அது கேட்க வேண்டும். இதை இரட்டை பூட் என்பார்கள். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும்தான்.

லினக்ஸை நிறுவும் வேலை பெரும்பாலான கணினிகளில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது அதற்கு முன்னால்தான். விண்டோஸுக்குள் செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறார்கள், அல்லது வரிசை மாற்றிச் செய்கிறார்கள். அதனால் இங்கே பாதிக்கு மேல் விண்டோஸில் செய்யும் முன்வேலைகள்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. அவற்றில் லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபெடோரா போன்றவற்றில் திரைகள் வேறு மாதிரி இருக்கும், வேலைகளின் வரிசை மாறாது.

1. இரட்டை பூட் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்கவோ நாலு கட்டளைகளைக் கற்றுக்கொள்ளவோ மட்டும் என்றால் டிஸ்கைத் தொடவே வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் போட்டு, அதற்குள் லினக்ஸை ஓட்டலாம். 8 ஜிபி ரேம் இருந்தால் சமாளிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம், கணினிக்கு ஒன்றும் ஆகாது.

கணினியின் முழு வேகமும் லினக்ஸுக்கு வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு நேரடியாக வேண்டும், தினமும் அதில்தான் வேலை என்றால் இரட்டை பூட் சரி. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், மாற வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு இறங்குங்கள்.

மேசைக் கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் இருந்தால், லினக்ஸுக்கு அதையே கொடுங்கள். விண்டோஸ் டிஸ்கை வெட்ட வேண்டியதில்லை, ஏழாவது படியையே தாண்டிவிடலாம். கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2. கணினியைப் பற்றி நான்கு விவரங்கள்

விண்டோஸ் தேடல் பெட்டியில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறங்கள்.

"பயாஸ் மோட்" என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருக்கிறதா, லெகசி என்று இருக்கிறதா? (பயாஸ் என்பது கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள். யுஇஎஃப்ஐ அதன் புதிய முறை, லெகசி பழைய முறை.) கடந்த பல ஆண்டுகளில் வந்த கணினி என்றால் பெரும்பாலும் யுஇஎஃப்ஐதான். விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறதோ அதே முறையில்தான் லினக்ஸை நிறுவும் பென்டிரைவும் (ஐந்தாவது படியில் தயார் செய்வோம்) பூட் ஆக வேண்டும். ஒன்று யுஇஎஃப்ஐ, இன்னொன்று லெகசி என்றால் இரண்டும் சரியாகவே நிறுவப்படும். ஆனால் லினக்ஸின் பூட் மெனுவால் விண்டோஸை அழைக்க முடியாது.

"சிஸ்டம் டைப்" வரியில் எக்ஸ்64 என்று இருந்தால் மேலே போகலாம். ஆர்ம் என்று இருந்தால் இங்கேயே நில்லுங்கள். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லேப்டாப்புகளில் வழக்கமான லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவலுக்கான ஒற்றைக் கோப்பு) பூட் ஆகாது. எம்1, எம்2 சிப் உள்ள மேக்கும் அப்படித்தான். அவற்றுக்கென்று அசாஹி லினக்ஸ் என்ற தனித் திட்டம் இருக்கிறது, அதன் வழிமுறையும் வேறு.

மூன்றாவது விவரம், "செக்யூர் பூட்" ஆன் ஆக இருக்கிறதா என்பது. நம்பகமானது என்று கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு இது. பழைய வழிகாட்டிகள் பல அதை அணைத்துவிடச் சொல்கின்றன. உபுண்டுவும் மின்ட்டும் அது ஆன் ஆக இருக்கும்போதே பூட் ஆகும் என்பதால் இப்போது அதைத் தொட வேண்டாம். நான்காவது, சி டிரைவில் எவ்வளவு இடம் காலி என்பது. 100 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தால் வசதி.

3. பேக்கப்பும் பிட்லாக்கர் சாவியும்

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். அதே டிஸ்கின் டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. நாம் கைவைக்கப் போவதே அந்த டிஸ்கில்தான்.

இதைவிட அதிகம் பேர் கோட்டை விடுவது பிட்லாக்கரில், அதாவது டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷனில். "என் கணினியில் அதெல்லாம் போடவில்லை" என்று உறுதியாகச் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கிய பல லேப்டாப்புகளில், ஹோம் பதிப்பில்கூட, பிட்லாக்கரின் எளிய வடிவமான டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதிக்குள் பாருங்கள்.

அது ஆன் ஆக இருக்கும்போது பயாஸில் ஏதாவது ஒன்றை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பூட் ஆகும் விதம் மாறிவிட்டது, யாரோ டிஸ்கைத் திருட முயல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. சாவி கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது.

அதனால் பயாஸ் பக்கம் போவதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை எடுத்து, தாளில் எழுதியோ ஃபோனில் படம் பிடித்தோ வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால் பயனில்லை. அப்புறம், கணக்கில் காட்டும் சாவி அடையாள எண் இந்தக் கணினியுடையதுதானா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பின் சாவியும் அதே பட்டியலில் இருக்கலாம்.

வீட்டிலேயே இருக்கும் கணினி என்றால், என்கிரிப்ஷனை முழுவதும் அணைத்துவிடுவது எளிது. அணைத்ததும் டிஸ்க் முழுவதையும் அது விடுவிக்க வேண்டும், அதற்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். முடியும்வரை காத்திருங்கள். அலுவலகக் கணினி என்றால் எதையும் அணைப்பதற்கு முன் அதை நிர்வகிப்பவரிடம் கேளுங்கள்.

4. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள்

கண்ட்ரோல் பேனலில் "பவர் ஆப்ஷன்ஸ்", அதில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". மேலே உள்ள நீல வரியைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

இது ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதுமாக நிற்பதில்லை. தன் மையப் பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் போய் விண்டோஸ் பார்ட்டிஷனை (டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை) திறந்தால், எழுத விடாது, அல்லது திறக்கவே மறுக்கும். வம்படியாக எழுதினால் கோப்புகள் கெடும்.

அணைத்த பிறகு ஒருமுறை முழுமையாக ஷட் டவுன் செய்து மீண்டும் போடுங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட் வந்தால் இந்தக் கட்டத்தை மறுபடி பார்ப்பது நல்லது.

5. பென்டிரைவைத் தயார் செய்யுங்கள்

8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

ஐஎஸ்ஓ கோப்பை அந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நண்பர் எப்போதோ இறக்கி வைத்த பழைய கோப்பு வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய பூட் லோடர்களை (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்களை) செக்யூர் பூட் ஏற்காதபடி செய்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய ஐஎஸ்ஓவில் செய்த பென்டிரைவுகள் பல கணினிகளில் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று சொல்லி நின்றன. புதிய ஐஎஸ்ஓ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இறக்கிய பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுங்கள். 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்தே அதைக் கணக்கிடலாம். தளத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்துகளோடு அது பொருந்த வேண்டும். பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். பாதியில் கெட்டுப்போன கோப்பு நிறுவலின் நடுவில்தான் பிழை காட்டும், அப்போது டிஸ்கும் அரைகுறையாக நிற்கும். ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சாதாரணமாக காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் கொண்டு எழுத வேண்டும். ரூஃபஸில், யுஇஎஃப்ஐ கணினி என்றால் பார்ட்டிஷன் முறை ஜிபிடி என்று இருக்கட்டும். எழுதி முடித்த பென்டிரைவைச் செருகும்போது "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுங்கள். அதில் இருப்பதை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

6. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

டிஸ்கில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். வைஃபை வேலை செய்யாத லினக்ஸுக்காக டிஸ்கை வெட்டி என்ன பயன்?

விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் "யூஸ் எ டிவைஸ்" வழியாகப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். அது இல்லாவிட்டால், கணினி தொடங்கும்போது பூட் மெனு விசையை விட்டு விட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் வழக்கமாக எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் லேப்டாப்புகளில் எஸ்கேப். பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ என்று முன்னால் உள்ளதை எடுங்கள்.

லைவ் முறையில் டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்றும் பாருங்கள். கிராஃபிக்ஸ் கொஞ்சம் தடுமாறினால் பரவாயில்லை, என்விடியா டிரைவரைப் பிறகு போடலாம். வைஃபை அறவே இல்லை என்றால் இன்னும் புதிய வெளியீடு ஒன்றை முயன்று பாருங்கள். புது மாடல் லேப்டாப்புகளுக்குப் புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தேவைப்படும்.

கடைசியாக "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறங்கள். கணினியின் உள் டிஸ்க் அதில் தெரிகிறதா? பென்டிரைவ் மட்டும் தெரிந்தால், பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் மேலாண்மை அமைப்பு ஆன் ஆக இருக்கலாம். டிஸ்க் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் நேராக பயாஸுக்குப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்குரிய டிரைவரை அது ஏற்றி வைத்திருக்காது. முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு விண்டோஸின் "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" பகுதியில் சேஃப் பூட்டுக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்து, அந்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட். விண்டோஸில் நுழையக் கொடுக்கும் பின் எண் சேஃப் மோடில் ஏற்கப்படாமல் போகலாம், கணக்கின் முழு பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

7. டிஸ்கில் இடம் ஒதுக்குங்கள்

விண்டோஸுக்குத் திரும்பி "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறங்கள். சி டிரைவின் மேல் வலது சொடுக்கு, "ஷ்ரிங்க் வால்யூம்". லினக்ஸ் நிறுவியே இதைச் செய்யும் என்றாலும் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுங்கள். தன் கோப்புகளில் எதை நகர்த்தலாம், எதை நகர்த்தக் கூடாது என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும்.

குறைந்தது 25 ஜிபி என்பார்கள். அது நிறுவிப் பார்க்கப் போதும், பயன்படுத்தப் போதாது. 80 ஜிபி கொடுங்கள். கட்டத்தில் எம்பி கணக்கில் கேட்கும், 81920 என்று போடுங்கள்.

நிறைய காலியிடம் இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க முடியும் என்று சொன்னால், நகர்த்த முடியாத கோப்பு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.

சுருக்கிய இடம் "அன்அலோகேட்டட்" என்று கறுப்புப் பட்டையாகத் தெரியும். அப்படியே விடுங்கள். புது டிரைவாக ஆக்கி எழுத்து கொடுத்துவிட்டால் லினக்ஸ் நிறுவி அதைக் காலியிடமாகப் பார்க்காது. பக்கத்தில் இருக்கும் சிறிய இஎஃப்ஐ, ரெகவரி பார்ட்டிஷன்களையும் (பூட் கோப்புகளும் மீட்புக் கோப்புகளும் உள்ளவை) வீண் என்று நினைத்து அழிக்க வேண்டாம்.

8. நிறுவுங்கள்

சார்ஜரைச் செருகிவிட்டு, மறுபடி பென்டிரைவில் பூட் செய்து நிறுவியைத் திறங்கள். மொழி, விசைப்பலகை, வைஃபை எல்லாம் சாதாரணக் கேள்விகள். மூன்றாம் தரப்பு டிரைவர்களை நிறுவவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் அதற்கென்று ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். எளிதாக ஒன்றை வைத்து எழுதிக்கொள்ளுங்கள், ஒரே ஒரு முறைதான் தேவைப்படும்.

அடுத்தது டிஸ்க் திரை. "விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு" என்ற தேர்வு வந்தால் அதை எடுங்கள். "டிஸ்கை அழித்து நிறுவு" என்பதும் அதே திரையில்தான் இருக்கும். அது லினக்ஸுக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் அழிக்கும் என்று நினைத்து முழு டிஸ்கையும் இழந்தவர்கள் உண்டு. அந்தத் தேர்வு உங்களுக்கானது இல்லை.

முதல் தேர்வு வரவில்லை என்றால், கைமுறையாகப் பிரிக்கும் தேர்வுக்குப் போங்கள். டிஸ்க் பெயர்கள் குழப்பும், அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். நீங்கள் ஒதுக்கிய 80 ஜிபி காலியிடத்தில் புது பார்ட்டிஷன் ஒன்று: வகை இஎக்ஸ்டி4, மவுண்ட் பாயின்ட் வெறும் சாய்கோடு (/). ஸ்வாப்புக்கு (ரேம் நிறையும்போது டிஸ்கில் பயன்படும் இடத்துக்கு) தனி பார்ட்டிஷன் வேண்டாம், உபுண்டுவும் மின்ட்டும் கோப்பாகவே உருவாக்கிக்கொள்ளும்.

இனி இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸ் ஏற்கெனவே வைத்திருக்கும், பெரும்பாலும் 100 முதல் 260 எம்பிக்குள் இருக்கும். அதையே லினக்ஸும் பயன்படுத்தலாம். அதில் ஃபார்மட் டிக் மட்டும் விழக் கூடாது, ஏனென்றால் விண்டோஸை எழுப்பும் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன.

எழுதத் தொடங்குவதற்கு முன் சுருக்கப் பட்டியல் ஒன்று வரும். ஃபார்மட் ஆகும் பட்டியலில் புது இஎக்ஸ்டி4 பார்ட்டிஷன் மட்டும் இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் பின்னால் போங்கள். இதுவரை சேதமில்லாமல் திரும்பலாம், இதற்குப் பிறகு முடியாது.

9. முதல் ரீஸ்டார்ட்

நிறுவி சொல்லும்போது பென்டிரைவைப் பிடுங்குங்கள். டிரைவருக்காக பாஸ்வேர்டு வைத்திருந்தால் நீலத் திரை ஒன்று வரும். சில நொடிகள்தான் காத்திருக்கும். ஏதாவது விசையைத் தட்டி, "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அந்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். பயந்துபோய் "கன்டின்யூ" கொடுத்தாலும் லினக்ஸ் வரும், ஆனால் என்விடியா டிரைவர் ஏறாது.

பிறகு கிரப் மெனு, அதாவது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் பூட் மெனு. லினக்ஸுக்குள் போகும் ஆசையைக் கொஞ்சம் அடக்கி, முதலில் விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள். அது நல்லபடியாக எழுகிறதா என்று இப்போதே தெரிந்துகொண்டால், பிறகு வரும் சிக்கலுக்குக் காரணம் எது என்று தேடித் திண்டாட வேண்டாம். டிஸ்கைச் சரிபார்க்கிறேன் என்று அது சொன்னால் குறுக்கிடாமல் விடுங்கள்.

இப்போது லினக்ஸுக்குள் போய் அப்டேட்களை முடியுங்கள். பிறகு டிரைவர் மேலாளரில் என்விடியாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டதைப் போடுங்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, அதில் ஒரு ஸ்னாப்ஷாட் (ஏதாவது கெட்டால் திரும்பிப் போக உதவும் நிலைப் பதிவு) எடுத்துக்கொண்டு பிறகு விளையாடுங்கள்.

மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரி கெடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் "செட் லோக்கல் ஆர்டிசி" அமைப்பை 1 ஆக்கினால் தீர்ந்துவிடும்.

10. இங்கேதான் சிக்குவார்கள்

கிரப் வராமல் நேராக விண்டோஸ் வருகிறது: லினக்ஸ் அழியவில்லை. பயாஸில் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" மேலே இருக்கிறது. "உபுண்டு" என்பதை மேலே ஏற்றுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் அங்கே பெயர் உபுண்டு என்றுதான் தெரியும். சில விண்டோஸ் அப்டேட்களுக்குப் பிறகும் இந்த வரிசை மாறலாம்.

கிரப் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை: மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற பகுதி கிரப் 2.06 முதல் இயல்பாக அணைந்திருக்கும். கிரப் அமைப்புக் கோப்பில் அதை ஆன் செய்து கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை பூட் மெனு விசை வழியாக விண்டோஸுக்குப் போகலாம்.

லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் கறுப்புத் திரை: பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். பென்டிரைவிலேயே இப்படி என்றால், உபுண்டுவில் "சேஃப் கிராஃபிக்ஸ்", மின்ட்டில் "கம்பாட்டிபிலிட்டி மோட்" என்ற வரியில் பூட் செய்து நிறுவுங்கள்.

11. லினக்ஸை எடுக்க வேண்டுமென்றால்

இதற்கும் வரிசை உண்டு. முதலில் பயாஸில் "விண்டோஸ் பூட் மேனேஜரை" மேலே ஏற்றி, விண்டோஸ் நேராக வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். முதலிலேயே அழித்துவிட்டால், இஎஃப்ஐயில் இருக்கும் கிரப் தன் மெனுவைத் தேடிக் காணாமல், வெறும் "கிரப்" என்ற சொல்லோடு கறுப்புத் திரையில் நின்றுவிடும். அப்படி ஆனாலும் விண்டோஸ் போகவில்லை, பூட் மெனு விசையை அழுத்தி அதைத் தேர்ந்தெடுங்கள்.

காலியான இடத்தை "எக்ஸ்டெண்ட் வால்யூம்" கொடுத்து சி டிரைவோடு சேர்க்கலாம். காலியிடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியிருந்தால்தான் அது முடியும். நடுவில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்த வரி மங்கலாகவே இருக்கும். பூட் மெனுவில் "உபுண்டு" என்ற பெயர் இன்னும் கொஞ்ச காலம் தெரியும். அதனால் தொந்தரவு ஒன்றும் இல்லை, அப்படியே விட்டுவிடலாம்.